திருத்தி எழுதச் சொன்னால் அதே கட்டுரை திரும்பி வருகிறதா? மாணவர் எழுத்தைச் செப்பனிடப் பழக்கும் ஆசிரியர்களுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்துப் பள்ளி ஒன்றில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். மாணவர்களின் எழுத்தைப் பற்றிய பேச்சு ஆசிரியர் அறையில் எழும்போதெல்லாம், பிழை மலிந்துவிட்டது என்ற கவலையே முதலில் வருகிறது. எழுதியதை அவர்களே மறுபடி எடுத்துப் பார்த்துச் செப்பனிடுவதில்லை என்ற கவலை அரிதாகவே வருகிறது. இரண்டாவதே பெரிய குறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை நீக்க முயலும்போது வகுப்பறையில் என்னென்ன கோளாறுகள் தலைகாட்டுகின்றனவோ, அவற்றை அவை வெளியே தெரியும் வடிவிலேயே கீழே தந்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் காண்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டுகிறேன். அவை சரியாகாத வரையில் மற்றவற்றுக்குக் கொடுக்கும் மருந்து பலிப்பதில்லை.

நோய்க்குப் பெயர் வைக்கப் புதிய கலைச்சொல் எதையும் தேட வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தை எண்ணிச் சொல்லியிருக்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. நூல் செய்வோருக்காகச் சொன்னவை இவை என்றாலும், ஒன்பதாம் வகுப்பின் கட்டுரை நோட்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன. இந்தப் பத்தில் சொல்லின் பிழையைப் பற்றியது வழூஉச்சொற் புணர்த்தல் ஒன்றுதான். மற்ற ஒன்பதும் எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, சொன்னதால் படிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பவற்றைப் பற்றியவை. நம் சிவப்பு மை அந்த ஒன்றின் மீதே விழுந்துகொண்டிருக்கிறது. ஒன்பதும் தொடப்படாமல் அடுத்த கட்டுரைக்குச் சென்றுவிடுகின்றன.

அமெரிக்காவில் நான்சி சோமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. கல்லூரி முதலாண்டு மாணவர் 20 பேரையும், எழுதிப் பழகிய பெரியவர் 20 பேரையும் எழுதவும் திருத்தவும் சொல்லி, அவர்கள் செய்த மாற்றங்களை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்கள் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லை வைப்பதையே திருத்தம் என்று கருதினார்கள். பழகியவர்களோ, எழுதியதைப் படித்துத் தாம் சொல்ல வந்தது என்ன என்பதையே மறுபடி தேடினார்கள். அதற்கேற்பப் பகுதிகளை இடம் மாற்றினார்கள், நீக்கினார்கள், சேர்த்தார்கள்.

அறிகுறி: அதே கட்டுரை, மேலும் அழகான கையெழுத்தில் திரும்பி வருகிறது

எல்லாவற்றிலும் பரவலானது இதுதான். காரணம் மாணவரின் சோம்பல் அன்று. ரஃப் நோட்டு ஒன்று, கட்டுரை நோட்டு ஒன்று என்று இரண்டை வைத்து, முதலாவதில் எழுதியதை இரண்டாவதில் எடுத்தெழுதும் வேலைக்கே அவர்களைப் பல ஆண்டுகளாகப் பழக்கியிருக்கிறோம். ஓரக்கோடு நேராக இருக்கிறதா, தலைப்பின் கீழ்க் கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பமும் இட்டிருக்கிறோம். எனவே ‘திருத்தி எழுது’ என்று நாம் சொல்வது அவர்கள் காதில் ‘படி எடு’ என்றே விழுகிறது.

முதல் இரண்டு மாதங்களுக்கு முழுக் கட்டுரையையும் மறுபடி எழுதச் சொல்வதை அடியோடு நிறுத்திவிடுங்கள். முதல் வரைவைத் தனித்தாளில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் பத்தி பத்தியாகக் கத்தரித்து, பெஞ்சின் மேல் பரப்பி, எந்தப் பத்தி முதலில் நிற்க வேண்டும், எது இல்லாமலே கட்டுரை நிற்கும் என்று பார்க்கச் செய்யுங்கள். கத்தரித்த தாளைப் படி எடுக்க முடியாது என்பதால், இந்த வேலையில் கையெழுத்தைப் பற்றிய எண்ணமே எழுவதில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா சென்று வந்த மாணவி ஒருத்தி ஐந்து பத்திகள் எழுதியிருந்தாள். பாலம் 1966இல் கட்டப்பட்டது என்பது முதல் பத்தி. காமராசரின் வாழ்க்கை பற்றி அடுத்த இரண்டு. நீர்ப்பாசனத்தின் பெருமை நான்காவது. பறளியாற்றுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் நடந்தபோது காலடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் நீர் ஓடும் சத்தம் கேட்டதும், தென்னை மரங்களின் உச்சியை வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்து பார்த்ததும் ஐந்தாவது பத்தியில் இரண்டே வரிகளாக ஒடுங்கிக் கிடந்தன. துண்டுகளைப் பரப்பி வைத்ததும், நான் எதுவும் சொல்லாமலே, ஐந்தாவதை முதலிடத்துக்குத் தூக்கி வைத்தாள். காமராசர் பற்றிய இரண்டும் வேறொரு கட்டுரைக்கு உரியவை என்று அவளே ஒதுக்கினாள். மற்றொன்று விரித்தல் என்ற பெயரை அப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன். நோயைப் பார்த்த பிறகு கேட்ட பெயர் அவர்களுக்கு மறக்கவில்லை.

கத்தரிக்கோல் வேலை பழகியபின், ஒவ்வொரு திருத்தத்துடனும் மூன்று வரிக் குறிப்பு ஒன்றைக் கேளுங்கள்: எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், மாற்ற நினைத்தும் எதை விட்டுவைத்தேன். மூன்றாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். வேண்டுமென்றே விட்டுவைப்பதும் ஒரு முடிவு என்பது அந்தக் கேள்வியால்தான் அவர்களுக்குத் தெரியவருகிறது.

அறிகுறி: சிவப்பு மை காட்டிய இடம் மட்டும் மாறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது

இதற்குக் காரணம் நாம்தான். ஒரு தாளில் 20 இடங்களில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தால், அந்த 20 வட்டங்களையும் நீக்கிவிட்டால் கட்டுரை நிறைவடைந்துவிட்டது என்றே எந்தப் பிள்ளையும் நினைக்கும். அடுத்த வாரம் நீக்கப்படவிருக்கும் ஒரு பத்தியில் ஒற்றெழுத்தைத் திருத்த வைப்பது இருவருக்கும் வீண் உழைப்பு.

சுற்றுகளைப் பிரித்துவிடுங்கள். முதல் சுற்றில் எழுத்துப்பிழையை எவ்வளவு உறுத்தினாலும் தொட வேண்டாம். பென்சிலால் ஓரத்தில் இரண்டே கேள்விகள் எழுதுங்கள். அந்தக் கேள்விகள் உண்மையிலேயே உங்களுக்கு விடை தெரியாதவையாக இருக்க வேண்டும். ‘இன்னும் விரிவாக எழுதுக’ என்பது கட்டளை. அதைப் பார்த்ததும் பிள்ளை முன்பு சொன்னதையே வேறு சொற்களில் மறுபடி சொல்லும், கூறியது கூறல் பிறக்கும். ‘அந்தக் கடைக்காரர் உனக்கு என்ன பதில் சொன்னார்?’ என்பது கேள்வி. அதற்குப் பதில் எழுதாமல் எந்தப் பிள்ளையும் கடந்து போவதில்லை.

முதல் சுற்றில் மதிப்பெண்ணும் போட வேண்டாம். 1988இல் வெளியான ரூத் பட்லரின் ஆய்வில், இஸ்ரேலியப் பள்ளி மாணவர் சிலருக்குக் கருத்துரை மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களே அடுத்த முறை முன்னேறினார்கள். மதிப்பெண்ணைச் சேர்த்துக் கொடுத்தபோது கருத்துரையின் பயனும் மறைந்தது. அங்கே கொடுக்கப்பட்ட பணி கட்டுரை எழுதுவதன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைக்கும் கைகளை என் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆய்வின் முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லோருக்கும் கேள்வி எழுத நேரம் ஏது என்று கேட்கலாம். வாரம் பத்துப் பேர், ஒருவருக்கு மூன்று நிமிடம், ஆக அரை மணி நேரம்; மற்றவர்கள் அப்போது எழுதிக்கொண்டிருப்பார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் எழுத்தைப் பற்றித் தனியே பேசியிருப்பீர்கள். நாற்பது தாள்களை வீட்டுக்குச் சுமந்து சென்று இரவில் வட்டமிடுவதைவிட இது குறைந்த வேலை.

அறிகுறி: எல்லோருடைய முன்னுரையும் ஒன்றாகவே இருக்கிறது

தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி எழுதச் சொன்னாலும், பேச்சிப்பாறை அணையைப் பற்றி எழுதச் சொன்னாலும், இயற்கை அன்னை எழில் கொஞ்சும் வாக்கியம் ஒன்று முன்னே வந்து நிற்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தைக் கொடுத்து, அதை நிரப்பும் வாசகங்களையும் கையேடுகள் கொடுத்துவிடுகின்றன. இதைத்தான் வெற்றெனத் தொடுத்தல் என்கிறோம். சட்டகத்தின் மீது எனக்குப் பகையில்லை. தேர்வில் அது உதவுகிறது. அதை முதலிலேயே நிரப்ப வேண்டும் என்ற பழக்கமே கெடுக்கிறது.

மருந்து எளிது. கட்டுரையின் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கி, ‘இதை எழுத நான் அங்கே போயிருக்க வேண்டுமா?’ என்று ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று விடை வரும் வாக்கியங்களை அடித்துக்கொண்டே வந்து, வேண்டும் என்று விடை வரும் முதல் வாக்கியத்தில் நிற்க வேண்டும். கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது. ஒரு மாணவனுக்கு அந்த வாக்கியம் இரண்டாம் பக்கத்தில்தான் கிடைத்தது: ‘விடிவதற்குள் பிச்சி முழுவதும் விற்றுவிட வேண்டும், விரிந்துவிட்டால் விலை இறங்கும் என்று பெரியம்மை (பெரியம்மா) சொன்னார்.’ அதற்கு முன்னிருந்த ஒன்றரைப் பக்கத்தை அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அடித்த பகுதியைக் கிழித்தெறிய வேண்டாம், நோட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னபின் சம்மதித்தான். சொந்த எழுத்தை நீக்குவது எல்லா வயதிலும் வலிக்கும். அந்த வலியை மதித்து நடந்துகொண்டால் பிள்ளைகள் துணிந்து நீக்குவார்கள்.

அறிகுறி: அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது, கேட்டால் ‘அவ்வளவுதான் டீச்சர்’ என்கிறார்கள்

குன்றக் கூறல். சொல்வதற்கு இல்லாமையால் வருவது இது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும், தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று பிள்ளை நினைப்பதால் வருகிறது. தினமும் பார்ப்பதை எவராவது எழுதுவார்களா என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நோய்க்கு நம் மாவட்டத்தைப் போல மருந்து நிறைந்த இடம் வேறில்லை. குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகளும், குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமரக்கூடிய சிறிய மாவட்டம் இது. இடையே வாழையும் நெல்லும் பயிரிடும் வீடுகளின் பிள்ளைகள் வேறு. கரமடி வலை இழுப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு ரப்பர் வெட்டு எப்படி நடக்கிறது என்று தெரியாது. ரப்பர் ஷீட்டின் மணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வள்ளத்தில் எத்தனை பேர் போவார்கள் என்று தெரியாது. இந்த இரு பிள்ளைகளையும் இணைத்து உட்கார வையுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, புரியாத இடத்திலெல்லாம் வாயால் கேட்க வேண்டும். எழுதியவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவரே அந்தப் பதிலை ஒரு தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாணவன் எழுதி வந்தது இவ்வளவுதான்: ‘என் அப்பா அதிகாலையில் ரப்பர் வெட்டப் போவார். பால் எடுப்பார். ஷீட் அடிப்பார். அதை விற்று எங்களைப் படிக்க வைக்கிறார்.’ பக்கத்தில் இருந்த கடற்கரைப் பையன் கேட்டான்: “எதுக்கு மக்கா இருட்டோட போணும்? பாலு எதுல விழும்? மழ பெஞ்சா என்ன செய்வாரு?” வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்றும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்க வேண்டும் என்றும், பட்டையில் சரிவாகக் கீறினால் பால் வழிந்து சிரட்டையில் சொட்டும் என்றும், மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை என்றும் அவன் சொல்லிக்கொண்டே போனான். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழைகளும் பெய்கின்றன. ஆகவே கூலி இல்லாத நாள்கள் ஆண்டில் இரண்டு பருவங்களில் வருகின்றன என்பதைக் கேட்டவனே கணக்கிட்டுச் சொன்னான். இரண்டாம் வரைவு இப்படித் தொடங்கியது: ‘இரவில் மழைச் சத்தம் கேட்டால் நாங்கள் போர்வையை இழுத்துக்கொண்டு நன்றாக உறங்குவோம். அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.’

அந்த இரண்டு வாக்கியங்களில் நான் கற்றுக்கொடுத்தது எதுவுமில்லை. தெரியாதவன் ஒருவன் எதிரே அமர்ந்து கேட்டதே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்டவுடன் பிள்ளைகள் எல்லாப் பதில்களையும் கட்டுரைக்குள் கொட்டிவிடுவார்கள். அரைப் பக்கம் நான்கு பக்கமாகி மிகைபடக் கூறலாகும். மூன்றாம் வரைவில், எந்தப் பதில் எந்தப் பதிலைத் தள்ளி நிறுத்துகிறது என்று பார்த்துப் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள். குன்றலிலிருந்து மிகைக்குப் போய்ப் பின் அளவுக்கு வருவதே இயல்பான வழி. நேரே அளவுக்கு வந்த பிள்ளையை நான் கண்டதில்லை.

அறிகுறி: நீண்ட வாக்கியத்தில் யார் எதைச் செய்தார் என்று தெரியவில்லை

மயங்க வைத்தலுக்குத் தமிழில் தனி வாசல் ஒன்று உண்டு, அது வினையெச்சம். ‘அம்மா சந்தைக்குப் போய், பூ விலை குறைந்து, தம்பி பசியில் அழுது, நாங்கள் வீட்டுக்கு வந்தோம்’ என்று ஒரு மாணவி எழுதினாள். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் எழுவாயின் வினைமுற்றையே தேடி ஓடும். இங்கே நான்கு எழுவாய்களும் ஒரே முற்றுக்கு முன் வரிசையில் நிற்கின்றன. இலக்கணப் பெயரைச் சொல்லி விளக்குவதைவிட, ஒவ்வொரு எச்சத்துக்கும் அடியில் ‘யார்?’ என்று எழுத வையுங்கள். அம்மா, விலை, தம்பி, நாங்கள் என்று பெயர்கள் மாறிக்கொண்டே போனால் அங்கே வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும், அல்லது ‘போனபோது’, ‘குறைந்ததால்’ என்று எச்சத்தை மாற்ற வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பெயர் மாறாவிட்டால் வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் தவறில்லை. நீண்ட வாக்கியம் எழுதும் பிள்ளையைக் குட்டை வாக்கியத்துக்கு விரட்டுவது அந்தப் பிள்ளையின் மூச்சைக் குறைப்பதாகும்.

அறிகுறி: ஊர்ப்பேச்சு கட்டுரைக்குள் வந்துவிடுகிறது

இதை நோய் என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் இது. மலையாளத்தோடு நெருங்கி வாழ்ந்த தமிழ் இங்கே வழங்குகிறது. சாயா (தேநீர்), மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), அம்மை (அம்மா), ஏலா (வயல்வெளி) ஆகியவை பிழைகள் அல்ல. அவற்றைக் கண்டதும் வட்டமிடும் ஆசிரியர், பிள்ளையின் வீட்டையே வட்டமிடுகிறார்.

இருந்தாலும் படிப்பவர் யார் என்ற கேள்வி எழத்தான் செய்யும். ‘குளத்தில் வெள்ளம் இல்லை’ என்று இங்குள்ள பிள்ளை எழுதினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். தஞ்சாவூரில் இருப்பவர் அதைப் படித்தால் குளம் பெருகி உடையவில்லை என்று ஆறுதல் கொள்வார். இந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதி வகுப்பையே பேச விடுங்கள். பிறகு மூன்று முடிவுகளில் ஒன்றை அவர்களே எடுக்கலாம். ஒருவர் பேசுவதாக வரும் இடத்தில் ஊர்ப்பேச்சு அப்படியே நிற்கட்டும். வேறு சொல்லால் ஈடு செய்ய முடியாத பெயர்ச்சொல் என்றால், அதை வைத்துக்கொண்டு வாக்கியத்துக்குள்ளேயே விளங்க வைக்கட்டும்: ‘கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வயலாகக் கிடந்த ஏலாவில் இன்று பாதி வீடுகள்.’ பொருள் புரண்டுபோகும் இடத்தில் மட்டும் பொதுத்தமிழ்ச் சொல்லுக்கு மாறட்டும். எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றும் பிள்ளைக்குத் தன் பேச்சைப் பற்றி வெட்கம் வருவதில்லை.

அறிகுறி: நண்பர் எழுத்தைப் படிக்கச் சொன்னால் ‘நல்லா இருக்கு’ என்று முடித்துவிடுகிறார்கள்

குறை சொன்னால் நட்பு கெடும் என்ற அச்சம் ஒரு காரணம். எதைப் பார்ப்பது என்று தெரியாமை மற்றொரு காரணம். இரண்டாவதை நீக்கினால் முதலாவதும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ‘கருத்துச் சொல்’ என்று கேட்காமல் வேலை கொடுங்கள். எழுதியவர் அமைதியாக இருக்க, நண்பர் அந்தக் கட்டுரையை உரக்கப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கிய இடத்தில் எழுதியவரே புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, படித்ததை நண்பர் நான்கு வாக்கியங்களில் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுபட்டது எதுவோ, அது கட்டுரையில் அழுத்தமாக இல்லை என்று பொருள். எவரும் எவரையும் குறை சொல்லாமலே குறை தெரிந்துவிடுகிறது.

கேட்பவரின் இடம் சிறியதல்ல என்பதை வகுப்பில் சொல்ல நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்கு ‘அரில்தபத் தெரிந்து’, அதாவது குற்றம் நீங்கத் தெளிவாக எடுத்துக் காட்டப்பட்டது என்கிறது பனம்பாரனாரின் பாயிரம். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள அதங்கோடே அந்த ஆசானின் ஊர் என்று இங்குள்ளோர் வழிவழியாகக் கொண்டிருக்கிறார்கள். எழுதியவரின் பெயரோடு கேட்டவரின் பெயரையும் சேர்த்தே அந்தப் பாயிரம் காத்து வைத்திருக்கிறது. இதைச் சொன்ன நாளிலிருந்து, கட்டுரையின் கீழே ‘கேட்டவர்’ என்று நண்பரின் பெயரையும் எழுதும் வழக்கத்தை எங்கள் வகுப்பில் தொடங்கினோம். பெயர் எழுதப்படுகிறது என்று தெரிந்ததும் கேட்பவர்கள் உன்னிப்பாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

அறிகுறி: திருத்தியபின் கட்டுரை பிழையில்லாமல் இருக்கிறது, ஆனால் உயிர் போய்விட்டது

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கடலைக் கலக்கிச் சென்றதற்கு அடுத்த ஆண்டு, கட்டுரைப் போட்டி ஒன்றுக்குக் கடற்கரை மாணவன் ஒருவன் எழுதிக்கொண்டு வந்தான். ‘மாமா வரவில்லை. அம்மை நாலு நாள் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சாயா கொண்டு வந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று’ என்று அதில் இருந்தது. அதை நான் எடுத்து, இயற்கையின் கோரத் தாண்டவத்தால் எங்கள் குடும்பம் துயரக் கடலில் மூழ்கியது என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். பரிசு கிடைத்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது அவன் தாளை என்னிடமே நீட்டி, “இது நீங்க எழுதினது, டீச்சர், நீங்களே வாசிங்க” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. தன் மாமாவைப் பற்றிய கட்டுரை இப்போது தன்னுடையது அன்று என்பதை மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து மூன்று கட்டுப்பாடுகளை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். மாணவரின் தாளில் ஒரு முழு வாக்கியத்தையும் என் கையால் எழுதுவதில்லை. திருத்தம் தொடங்கும் முன், ‘எது வந்தாலும் இதைத் தொடமாட்டேன்’ என்று மாணவர் நினைக்கும் இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு போட வைக்கிறேன். அவற்றை நானும் தொடுவதில்லை. முதல் வரைவைக் கடைசி வரைவோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். இரண்டையும் உரக்கப் படித்துப் பார்த்து, முதலாவதே நன்றாக இருந்த இடங்களில் அதற்கே திரும்பிவிடுகிறோம். உங்கள் வகுப்பில் இந்த அறிகுறியைக் கண்டால், திருத்திய வரைவில் மாணவர் வீட்டில் ஒருபோதும் பேசாத சொற்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். அவை கையேட்டிலிருந்து வந்தவையா, உங்களிடமிருந்து வந்தவையா என்று பிறகு பாருங்கள்.

அறிகுறி: ‘இதுவே போதும்’ என்று மறுக்கிறார்கள்

சில நேரங்களில் அவர்கள் சொல்வது சரி. எழுதும் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. நான்கு எழுதினால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திருத்தட்டும், தேர்வும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். எழுதிய அன்றே திருத்தச் சொல்லாமல் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அதற்கும் மறுப்பவர்களுக்கு, நீங்கள் எழுதிய ஏதாவதொன்றின் அடித்தல் திருத்தல் நிறைந்த தாளைக் காட்டுங்கள். பாடநூலில் அச்சான பக்கங்களை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகள், எழுத்து முதலிலேயே அப்படிப் பிறக்கிறது என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

அறிகுறி: வகுப்பில் திருத்துகிறார்கள், தேர்வில் திருத்துவதில்லை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு, மூன்று மணி நேரம். அங்கே வரைவு எழுத இடமில்லை; ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தைக் காப்பாற்ற முடியும். அந்த நேரத்தில் முழுத் தாளையும் மேலோட்டமாகப் புரட்டுவதில் பயனில்லை. நெடுவினாக்களின் கடைசிப் பத்தியை மட்டும் படித்து, கேட்ட வினாவுக்கு அது விடையாக முடிகிறதா, நேரமின்மையால் சென்று தேய்ந்து இறுகிறதா என்று பார்த்து, ஒரு வாக்கியம் சேர்க்கட்டும். நீக்க வேண்டியதை ஒரே கோட்டால் அடித்தால் போதும் என்பதையும் முன்பே பழக்குங்கள். மை பூசி மறைப்பதிலேயே நேரம் போய்விடுகிறது.

அறிகுறி: எல்லாம் சரியானபின்னும் ஒற்றும் ஒருமை பன்மையும் தவறுகின்றன

இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. கட்டுரை இனி மாறாது என்று ஆனபின்தான் இந்தச் சுற்று. பொதுவிதிகள் அனைத்தையும் மறுபடி நடத்த வேண்டாம். ஒரு பிள்ளை செய்யும் பிழைகள் பெரும்பாலும் நான்கைந்து வகைகளுக்குள் அடங்கிவிடும். ஒருவன் ‘பாலத்தை பார்த்தேன்’ என்று ஐகாரத்துக்குப் பின் ஒற்றை விடுவான். ஒருத்தி ‘மரங்கள் நின்றது’ என்றே எழுதுவாள். இன்னொருவனுக்கு ‘அரை’யும் ‘அறை’யும் இடம் மாறும். ஒவ்வொருவரும் நோட்டின் கடைசித் தாளில் தம் பிழை வகைகளை மட்டும், திருத்திய வடிவத்தோடு, எழுதி வைக்கட்டும். சரிபார்க்கும்போது கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள்; பொருள் இழுத்துக்கொண்டு போகாததால் எழுத்து கண்ணில் படும். ஒருமுறை படிக்கையில் ஒரு வகைப் பிழையை மட்டும் தேட வேண்டும். தொடர்ந்து மூன்று கட்டுரைகளில் ஒரு வகை தலைகாட்டவில்லை என்றால், அந்த வரியைக் கடைசித் தாளிலிருந்து மாணவரே அடித்துவிட்டு, புதிதாகக் கண்ட பிழை ஏதேனும் இருந்தால் அதன் கீழே எழுதிக்கொள்ளலாம்.